அடுப்பில் வாட்டிய இசைத்தட்டு

என் மகன் ஐதராபாத் மாதாப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கி வந்தான். புத்தம் புதியது, ஆனால் பார்ப்பதற்குப் பழையதாகத் தெரிய வேண்டும் என்று மெனக்கெட்டுச் செய்திருக்கிறார்கள். கூடவே நாலைந்து இசைத்தட்டுகள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் முன்னால் தியானம் செய்பவன்போல உட்கார்ந்திருந்தான். "போன்ல கேக்கறதெல்லாம் பாட்டே இல்லம்மா, இதான் பாட்டு" என்று எனக்கே பாடம் எடுத்தான். ஒரு சின்ன வெல்வெட் துணியால் தட்டைத் துடைத்தபோது அவன் கை என் அப்பாவின் கை மாதிரியே வளைந்தது.

அந்த வாரம்தான் அவன் ஆபீசில் பலரை ஒரே மெயிலில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரனும் போய்விட்டான். உங்களுக்கெல்லாம் சங்கம் கிடையாதா என்று கேட்டேன். "யூனியனா? அதெல்லாம் அந்தக் காலம்மா" என்று சிரித்துவிட்டுத் தட்டைத் திருப்பிப் போட்டான். அந்தக் காலத்துச் சாமான் இரண்டில் ஒன்று அவனுக்குப் பொக்கிஷம், மற்றது குப்பை. நான் வாதாடவில்லை. எங்கள் வீட்டில் அந்த இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன, ஒரே காலையில் ஒன்றாகத்தான் போயின.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாங்கள் மௌலா அலியில், ஒரு மோட்டார் தொழிற்சாலையின் மதிலை ஒட்டிய குடியிருப்பில் இருந்தோம். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். அப்பாவும் சித்தப்பாவும் அதே தொழிற்சாலையில் வேலை. சித்தப்பா வீடு இரண்டு சந்து தள்ளி. அப்பாவுக்கு இரண்டே கிறுக்கு: இசைத்தட்டு, சங்கம். தட்டுகளை யாரும் தொடக் கூடாது. அவர் எடுக்கும்போதும் விளிம்பில் விரல் நுனி மட்டும்தான் படும். என்னைத் தூக்கியபோதுகூட அத்தனை ஜாக்கிரதையாகத் தூக்கியிருக்க மாட்டார் என்று அம்மா சொல்வாள்.

சங்கத்தைப் பற்றியும் அவருக்குப் பாட்டுப் பைத்தியத்தின் அபிப்பிராயம்தான் இருந்தது. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் ஒருவர் இருப்பார். அவருக்கு ராகம் கிடையாது, கைதட்டல் கிடையாது, கடைசிவரை ஒரே சுருதி. அவர் மூச்சை விட்டுவிட்டால் வித்வான் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் தடுமாறிப் போவார். சங்கத்தில் நான் ஒத்துக்காரன் என்று அப்பா சொல்லிக்கொள்வார். மேடையேறிப் பேசவெல்லாம் அவருக்கு வராது. நாலு பேர் சேர்ந்தாற்போல் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நான் மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ இருந்தபோது வேலைநிறுத்தம் வந்தது. முதலில் எங்களுக்கு அது பண்டிகை மாதிரி இருந்தது, அப்பாக்கள் எல்லாரும் பகலில் வீட்டில் இருந்தார்கள். பிறகு சோறு கஞ்சியாயிற்று. தொழிற்சாலை வாசலில் கூட்டம் கூடக் கூடாது, பேசக் கூடாது, கோஷம் போடக் கூடாது என்று போலீஸ் உத்தரவு போட்டது. பேசாமல் எப்படிச் சங்கம் நடத்துவது என்று பெரியவர்கள் முழித்தார்கள்.

வழி கண்டுபிடித்தவர் அப்பா. அது அம்மனுக்குப் பொங்கல் பானை சுமக்கிற போனாலு திருவிழா மாதம், நம் ஊர் ஆடி. வாசலுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் ஒரு எல்லம்மா கோயில் இருந்தது. போனாலுவுக்கு ஐதராபாத்தில் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவார்கள், அதை நிறுத்தச் சொல்ல எந்தப் போலீஸ்காரருக்கும் தைரியம் வராது. அவர் வீட்டுக்காரம்மாவே போனம் பானையைத் தலையில் சுமந்து வருவாள். கோயில் பந்தலில் அப்பாவின் பிளேயர் உட்கார்ந்தது. குழாய் எங்கள் குடியிருப்பைப் பார்த்துத் திரும்பியது.

அதன்பின் பேச்சுக்குப் பதில் பாட்டுதான். குஷியான சினிமாப் பாட்டு வந்தால் பேச்சுவார்த்தை நடக்கிறது. சோகப் பாட்டு வந்தால் முறிந்துவிட்டது. அப்பாவிடம் ஒரு நாதஸ்வரத் தட்டு இருந்தது, அவர் உயிரே அதுதான். அது ஒலித்தால், யாரோ வேலைநிறுத்தத்தை மீறி உள்ளே போகப் பார்க்கிறார்கள், எல்லாரும் வாசலுக்கு ஓடிவர வேண்டும் என்று அர்த்தம். தெலுங்குக்காரர், உருதுக்காரர், நாங்கள், எல்லாருக்கும் அது புரிந்தது. பெண்கள் அடுப்படியில் இருந்தபடியே பாட்டைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் சிரிப்பார்கள். நான் பள்ளியில் தலை நிமிர்ந்து நடந்தேன். என் அப்பாவின் தட்டுகள்தானே ஊரை ஆட்டிவைத்தன.

நாதஸ்வரம் முதல்முறை ஒலித்தது ஒரு வேனுக்காக. கருங்காலிகளை ஏற்றி வந்த வேன். ஆண்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசல் வழியாக ஓடினார்கள். கொஞ்ச நேரம் நாதஸ்வரமும் கூச்சலும் சேர்ந்தே கேட்டன. பெயின்ட் செக்‌ஷனில் வேலை செய்த ஒருவர் வேனில் இருந்தார், அவருக்கு மண்டை உடைந்தது, ஒரு கண் போய்விட்டது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். வேன் திரும்பிப் போனது. சங்கம் ஜெயித்துவிட்டதாக எல்லாரும் சொன்னார்கள். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"நம்ம தட்டு கூப்ட்டுதான வந்தாங்க" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நீங்க இன்னா, அடின்னா சொன்னீங்க?" என்றாள் அம்மா.

சித்தப்பா வீட்டில் அப்போது ஒரு குழந்தை பிறந்திருந்தது, குறை மாதத்தில். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஒரு மாலை சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்போது வந்தாலும் என் சடையை இழுத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அன்றைக்கு என்னைப் பார்க்கவே இல்லை. பின்கட்டில் அண்ணனும் தம்பியும் நின்றார்கள், தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். அப்பா ஒருதரம் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு அதே தோளில் கையை வைத்துக்கொண்டார். அம்மா தட்டில் போட்டுவைத்த சோறு அப்படியே ஆறிப்போனது. அந்தச் சோறு எனக்கு வரும் என்று காத்திருந்தேன், வந்தது.

மறுநாள் விடிகிற நேரம், ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றத்தில் விழித்தேன். அப்பா மண்ணெண்ணெய் ஸ்டவ் முன்னால் குந்தியிருந்தார். கையில் நாதஸ்வரத் தட்டு. அப்போதும் விளிம்பைத்தான் விரல் நுனியால் பிடித்திருந்தார். தட்டின் ஒரு பக்கம் சுடரின் மேல் மெல்லத் தொய்ந்து, நனைந்த அப்பளம்போல மடங்கியது. அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

எனக்குப் பயமே வரவில்லை. முந்தின நாள்தான் கோயிலில் தப்புக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தப்புகளைச் சூடு காட்டுவதைப் பார்த்திருந்தேன். சூடு காட்டினால்தான் தோல் இறுகிக் கணீரென்று பேசும் என்று அவர்களில் ஒருவர் எனக்கு விளக்கிச் சொல்லியிருந்தார். தட்டு மழையில் நனைந்திருக்கும், அப்பாவும் அதை அப்படித்தான் வாட்டுகிறார் என்று நினைத்தேன். இத்தனை தெரிந்த அப்பாவுக்கு இது தெரியவில்லையே, தட்டு கோணிக்கொண்டதே என்று அவருக்காக வெட்கப்பட்டேன். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்பா தட்டை உறைக்குள் போட்டு மற்றவற்றோடு எடுத்துக்கொண்டு போனார். காலையில் பஸ் வந்தது, இந்தமுறை ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடித்த பஸ். "போடு, போடு" என்று பந்தலில் இருந்தவர்கள் கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது. அப்புறம் குழாயிலிருந்து தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், இரண்டு மூன்று தரம். பிறகு ஒன்றும் இல்லை. ஊசி கெட்டுவிட்டது போல என்று சொல்லிக்கொண்டு பெண்கள் தண்ணீர்க் குழாய்க்குத் திரும்பினார்கள். ஆட்கள் நேரில் ஓடிவந்து கதவு கதவாகத் தட்டி எழுப்புவதற்குள் பஸ் உள்ளே போய்விட்டது, கேட்டை மூடிவிட்டார்கள்.

உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கத் தொடங்கியபின் யாராலும் வெளியே நிற்க முடியவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் பேர், அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் பேர். வேலைநிறுத்தம் அப்படியே கரைந்தது. சங்கத்துச் செயலாளரையும் முன்னால் நின்ற சிலரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். அப்பாவை விட்டுவிட்டார்கள். பாட்டுப் போட்டவன்தானே, அவனை என்ன செய்வது என்று முதலாளி சிரித்தாராம்.

தட்டு கெட்டது தன்னால்தான் என்று அம்மா ஊர் பூராவும் சொன்னாள். அடுப்புப் பக்கத்தில் தெரியாமல் வைத்துவிட்டேன் என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். உன் ஒருத்தியால் எங்கள் அடுப்பும் அணைந்தது என்றுகூட ஒருத்தி சொன்னாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். அப்பாவின் முட்டாள்தனம் வெளியே தெரியக் கூடாது என்று அம்மா பொய் சொல்கிறாள் என்று எண்ணி நானும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா செத்து காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னாள். "அந்த பஸ்ல உன் சித்தப்பன் இருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கட்ட வழி இல்ல. அந்தத் தட்டு பாடிச்சின்னா அவன அடிச்சே கொன்னுட்டு இருப்பாங்க." தட்டை வீட்டில் மறந்துவிட்டேன் என்று அப்பா சொல்லியிருந்தால் யாராவது சைக்கிளில் பறந்துவந்து எடுத்துப் போயிருப்பார்கள். அதனால் அடுப்பு. கண்ணாடிப் பெட்டியில் இருந்த குழந்தை பிழைத்துக்கொண்டது. இப்போது ஐதராபாத்திலேயே உப்பலில் இருக்கிறான், தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவனுக்கு இது எதுவும் தெரியாது. அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் வரும். வேலை போனவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

ஆனால் இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது தட்டு கோணிப்போன துக்கம் மட்டும்தான்.

வேலைநிறுத்தம் முறிந்து சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அல்வாலில் இருந்தவர். பரம்பரையாக இந்த ஊர்த் தமிழர், பாதி தமிழும் பாதி இந்துஸ்தானியுமாகப் பேசுவார். வேலை போன இன்னும் மூன்று நாலு பேர் கூட வந்தார்கள். அம்மா அவசரமாக டீத்தூள் டப்பாவைத் திறந்தாள்.

"நக்கோ அண்ணி, எதுக்கு சிரமம்" என்றார் செயலாளர். அவர் குடும்பத்தோடு பம்பாய்ப் பக்கம் வேலை தேடிப் போகப்போகிறாராம், சொல்லிக்கொள்ள வந்திருக்கிறார். பிறகு பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார். ஜுமேராத் பஜாரில் பழைய சாமான்களுக்கு நடுவே வாராவாரம் தேடினார்களாம். அதே நாதஸ்வரத் தட்டு.

"எங்களுக்காக வாசலுக்குக் கொண்டாந்துதான அண்ணா உன் தட்டு போச்சு. சங்கம் ஒண்ணும் செய்யலன்னு இருக்கக் கூடாது பாரு" என்றார்.

அப்பா அதை வாங்கிக்கொண்டார். உறையைப் பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் பிரிக்கக்கூடத் தோன்றவில்லை என்று கூட வந்த ஒருவர் சொன்னார். எனக்கோ ஒரே கவலைதான். எத்தனை அலைந்து தேடியிருக்கிறார்கள், இதையும் கெடுத்துவிடப் போகிறாரே. நான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"இதயாச்சும் அடுப்புல காட்டாதப்பா. அது மாதிரி இதுவும் கோணிக்கும்."

அடுக்களையில் டம்ளர் வைக்கிற சத்தம் நின்றது. செயலாளர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தார். அப்பா தலை நிமிரவில்லை. செயலாளர் எழுந்து, அப்பாவின் மடியிலிருந்து தட்டை எடுத்து, உறையைப் பிரித்தார். பிளேயரில் அவரே வைத்தார், ஊசியையும் அவரே இறக்கினார். அப்பாவைத் தவிர ஒருவர் எங்கள் பிளேயரைத் தொட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாதஸ்வரம் அறையை நிறைத்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒருவர்கூடத் தாளம் போடவில்லை, தலையாட்டவில்லை, இருமக்கூட இல்லை. அவரவர் தன் கால் விரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, அதை அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை. எங்கள் வீட்டில் எத்தனையோ பேர் வந்து பாட்டுக் கேட்டிருக்கிறார்கள், இவ்வளவு அமைதியாக யாரும் கேட்டதில்லை. இவர்களுக்குத்தான் சங்கீதம் உண்மையாகப் புரிகிறது என்று நினைத்துக்கொண்டு, நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.