திரையில் விழுந்த புள்ளிகள்

மகளின் கைப்பேசியில் கிறிஸ்துமஸ் கார்ட்டூன் ஓடுகிறது. பனி கொட்டுகிறது, ஒவ்வொரு துணுக்கும் தெளிவாகத் தெரிகிறது. எனக்கு ஏனோ மொட்டைமாடியை அண்ணாந்து பார்க்கத் தோன்றுகிறது.

எண்பதுகளில் எங்கள் காரைக்கால் தெருவில் நூர்ஜஹான் வீட்டில்தான் டிவி இருந்தது. அவள் வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்தது. இலங்கை ஒளிபரப்பு கடல் தாண்டிப் புள்ளிபுள்ளியாக வந்து சேரும். ஒரு டிசம்பர் மாலை, "ஒங்க பெருநாளு கார்ட்டூன் போடுறாங்க, வாடி!" என்று என்னை இழுத்துப்போனாள். திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள். மழையென்றும் பாராமல் அவள் வாப்பா மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பினார்.

"இப்ப தெரியுதா?"

"இல்ல வாப்பா, இன்னும் புள்ளி விழுது!"

நானும் சேர்ந்து கத்தினேன். எங்கள் கிறிஸ்துமஸுக்கு மழைதானே பெய்யும்? அப்போது படத்திலிருந்த சிறுமி கையை நீட்டி ஒரு புள்ளியைப் பிடித்தாள். அது அவள் உள்ளங்கையில் கரைந்தது. பனி! அடுத்து என்ன ஆகுமோ என்ற ஆவலில் மாடியில் நின்றவரை மறந்தே போனோம்.

படம் முடிந்தபின் சொட்டச்சொட்ட இறங்கி வந்தார். "ஒன் பெருநாளு படம், தெளிவா காட்ட முடியலயே புள்ள" என்றார். அந்தப் புள்ளியெல்லாம் பனிதான் என்று சொல்லாமல், துண்டெடுக்க உள்ளே ஓடினோம்.

இப்போதாவது மேலே பார்த்துச் சொல்லிவிடலாம்: "தெளிவாத்தான் தெரிஞ்சிச்சு மாமா, எறங்கி வாங்க."