அமீர் பாயின் மகள்

அமீர் ஜானை ஏமாற்றுவது சுலபம். அவரை வைத்து இன்னொருவரை ஏமாற்றுவதுதான் நடக்காத காரியம். ஏற்காட்டில் ஒரு ஓட்டலின் ஸ்டோர் ரூமை இருபது வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டவர். சாவி அவர் இடுப்பில் இருந்தவரை சமையல்காரர்கள் ஒரு பிடி முந்திரியை வாயில் போட்டுக்கொள்ள முடியாது. "பாய் இருக்காருடா" என்று சலித்துக்கொள்வார்கள். ஆனால் முதலாளி சம்பளத்தை இழுத்தடித்த மாதங்களில் அதே சமையல்காரர்களுக்காகப் போனில் சண்டை போட்டவரும் இவர்தான். நான் அவருக்கு அடுத்த வீடு. பெயர் மனுவேல், டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். இந்த விஷயத்தில் எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

அமீர் பாய்க்கும் அவர் மனைவி ரஹமத் பீவிக்கும் குழந்தை பிறக்கவில்லை. பாயின் தம்பி முபாரக் மலையடிவாரத்தில், குப்பனூரில் பழக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்த கையோடு அவரும் மனைவி அஃப்சானாவும் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி மேலே வந்தார்கள். "அண்ணி, இவ உங்க பொண்ணு" என்று ரஹமத் பீவியின் மடியில் வைத்தார்கள். எல்லாருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அவர்கள் இருவர் மட்டும் இறங்கிப் போனார்கள். அஃப்சானா பஸ்ஸில் அழுதிருப்பாள், எங்கள் முன்னால் அழவில்லை. பத்திரமும் இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை. அண்ணன் தம்பிக்குள் பிள்ளையைக் கொடுத்து வாங்க யார் ஸ்டாம்ப் பேப்பர் தேடிப் போவார்கள்?

அந்தக் குழந்தைதான் யாஸ்மின். அவளிடம் எதையும் மறைக்கவில்லை. பெற்றவர் அவளுக்குச் சின்னத்தா, வளர்த்தவர் அத்தா, ரஹமத் பீவி அம்மா. பேசத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டாள், இரண்டு வீட்டிலும் யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு "அத்தா வந்துட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்பாள். என் வீட்டுச் சமையல்கட்டுவரை அது கேட்கும்.

ஓட்டல் சம்பளத்தில் மாதாமாதம் தொழிலாளர் காப்பீட்டுக்கு ஒரு தொகை பிடிப்பார்கள். குடும்பத்தாருக்கும் சேலத்தில் வைத்தியம் உண்டு என்பதால் ஓட்டல் ஆபீசில் குடும்ப விவரம் கேட்டார்கள். மனைவி ரஹமத் பீவி, மகள் யாஸ்மின் என்று பாய் சொன்னார், அப்படியே ஏற்றிவிட்டார்கள். ஆனால் பிறப்புச் சான்றிதழில் அவள் முபாரக்கின் மகள். குப்பனூர் ரேஷன் கார்டிலும் அப்படியே. ஒரு ஆபீசுக்கு இன்னொரு ஆபீஸ் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று தெரியாதவரை அந்தப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் இடம் இருந்தது. அவளை மகள் என்று சொன்னதில் ஒரு பொய் இருக்கிறது என்று அமீர் பாய்க்குத் தோன்றவே இல்லை. முந்திரிக்குக் கணக்குக் கேட்ட மனிதர் அவர். தோன்றியிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டார்.

போன வருடம் ஓட்டல் கைமாறியது. புது ஆட்கள் எல்லாவற்றையும் இடித்துக் கட்டப் போகிறோம் என்று சொல்லி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வயதில் பாயின் கையில் யார் புதிதாக ஸ்டோர் சாவியைக் கொடுப்பார்கள்? மாரமங்கலம் வரை போய் வேலை கேட்டுவிட்டு வந்தார். அப்போதுதான் கூட வேலை பார்த்த முருகன் வந்து, "பாய், நாம கட்டுன காப்பீட்டுல வேலை போனவங்களுக்குன்னு கொஞ்ச மாசத்துக்குக் குடுக்கறாங்களாமுங்க. நானு எழுதிப் போட்டுட்டேன்" என்றார்.

ரஹமத் பீவிக்கு அது பிடிக்கவில்லை. "ஏனுங்க, எங்கயாச்சும் சின்ன வேலை கெடைக்காமயா போயிரும்? நம்ம ஊட்டு வெவரமெல்லாம் எதுக்குங்க ஆபீசு ஆபீசாப் போவோணும்?" என்றார்.

"நாம என்ன திருடியா வெச்சிருக்கறோம்? கேட்டாக் கேட்டுட்டுப் போறாங்க" என்றார் பாய்.

கடைவீதியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சசிகலாதான் அவருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள். கடைசியில் ஒரு கட்டம் வந்தது. உங்கள் விவரங்களைச் சரிபார்ப்பதற்காக மற்ற அரசுத் துறைகளோடு பகிர்ந்துகொள்ளச் சம்மதமா என்று அது கேட்டது. வேறு யாராவது என்றால் படித்திருக்கவே மாட்டார்கள். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"மத்த துறைன்னா எதுங்க கண்ணு?"

"அது போடலீங்களே. டிக் போடாட்டி அடுத்த பக்கம் போவாதுங்க."

அடுத்த பக்கம் போகாதென்றால் மனிதன் என்ன செய்வான்? சம்மதம் கேட்கிற லட்சணம் அது. டிக் போடச் சொன்னார். வீட்டுக்கு வந்து என்னிடம் அதை ஒரு வேடிக்கை போலத்தான் சொன்னார்.

பணம் வரவில்லை. அதற்குப் பதில் முபாரக்கிடமிருந்து போன் வந்தது. ரேஷன் கடையில் கைவிரலை வைத்தால் கார்டு விசாரணையில் இருக்கிறது என்று வருகிறதாம். "அண்ணே, யாஸ்மினு ரெண்டு குடும்பத்துல இருக்கறாளாம். எது நெசம்னு கேக்கறாங்க" என்றார். இரண்டு நாள் கழித்துப் பாய்க்கும் தபால் வந்தது. மகள் என்று காட்டியுள்ள நபர் வேறொரு குடும்பத்தின் உறுப்பினர் எனத் தெரியவருவதால் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. பாய் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பணம் கிடைக்காமல் போய்விடுமோ என்று அவர் பயப்படவில்லை. "எம் பொண்ண எம் பொண்ணு இல்லைன்னு சொல்லீருவாங்களா மனுவேலு?" என்று கேட்டார். "அவங்க யாரு பாய் சொல்றதுக்கு?" என்று நான் சத்தம் போட்டேன். சத்தம் போடுவதற்கு நான் கெட்டிக்காரன்.

சேலத்துக்கு என் வண்டியில்தான் போனோம். யாஸ்மினின் அசல் ஆதாரோடு அவளையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். குப்பனூர் வழியாக இறங்கி முபாரக்கை ஏற்றிக்கொண்டோம். அவர் பெரிய ஆரஞ்சாகப் பார்த்து ஒரு பை நிறைய எடுத்து வந்து யாஸ்மின் மடியில் வைத்தார். வழியெல்லாம் அவள் அதைத் தொடவில்லை.

ஆபீசில் எங்களை விசாரித்தவர் சுதாராணி என்ற அதிகாரி. நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன், அந்த அம்மா எல்லாருக்கும் நாற்காலி போடச் சொன்னார். "நாங்களா யாரு ஊட்டுக்குள்ளயும் எட்டிப் பாக்கறதில்லீங்க. இவங்க குடுத்த பட்டியலையும் அவங்க குடுத்த பட்டியலையும் ஒண்ணா வெச்சுப் பாக்கறாங்க. எது ஒத்துப்போவலியோ அது எங்க மேசைக்கு வந்துருது" என்றார். பிறகு பாயிடம், "தத்து எடுத்ததுக்குக் கோர்ட்டு ஆர்டரு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

முபாரக் முந்திக்கொண்டார். "நானேதானுங்க குடுத்தேன். இப்பவே எழுதித் தாரேன், அவ எம் பொண்ணு இல்லீங்க, எங்கண்ணன் பொண்ணுதான்."

"பிறப்புச் சான்றிதழ்ல உங்க பேரு இருக்குதே. பெத்தவரு அப்படி எழுதித் தர முடியாதுங்க. எழுதறதுன்னா இவருதான் எழுதோணும்."

அந்த அம்மா பொறுமையாகவே சொன்னார். முறைப்படி தத்து எடுக்கலாம், அதற்கு நாளாகும், அதுவரை அண்ணன் மனுவும் தம்பி கார்டும் அப்படியே நிற்கும். போதாததற்குத் தெரிந்தே தவறான தகவல் கொடுத்ததாக நடவடிக்கையும் வரலாம். தெரியாமல் நடந்த பிழை என்று பாய் எழுதிக் கொடுத்துவிட்டால் இத்தோடு முடித்துவிடலாம்.

"தெரியாம இல்லீங்களே" என்றார் அமீர் பாய். "தெரிஞ்சுதானுங்க சொன்னேன்."

சுதாராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் மேசைக்குக் கீழே பாயின் காலை மிதித்தேன். முபாரக் தலை நிமிரவே இல்லை. அவர் வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், அரிசி வரவில்லை. அதைப் பாயும் பார்த்திருக்க வேண்டும். ஒரு வெள்ளைக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, "தம்பி மகள், நான் வளத்த மகள்னு போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"வளத்ததுன்னு ஒரு உறவு இதுல இல்லீங்க. நானு என்ன பண்ணட்டும், சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

பாய் எழுதினார். எதை எழுதினாலும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கும் பழக்கம் அவருக்கு. பழக்கம் விடவில்லை. "மேற்படி யாஸ்மின் என் மகள் அல்ல. தவறுதலாகச் சேர்க்கப்பட்டுவிட்டது" என்று மெல்லிய குரலில் படித்தார். படித்து முடித்த பிறகுதான் பக்கத்து நாற்காலியில் யாஸ்மின் உட்கார்ந்திருப்பது அவருக்கு உறைத்தது. அவள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது படிக்கிற பெண், படிக்கத் தெரியாதா?

திரும்பும்போது குப்பனூரில் முபாரக் இறங்கினார். "ரெண்டு நாளு இங்க இருந்துட்டுப் போறயா கண்ணு?" என்று கேட்டார். எப்போது வந்தாலும் கேட்பதுதான். வழக்கமாக, "அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குதப்பா" என்று பாய்தான் பதில் சொல்வார். அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. சொல்ல உரிமை இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது மனுசனுக்கு. "நாளைக்கு ஸ்கூலு சின்னத்தா" என்று அவளே சொன்னாள். நான் வண்டியை எடுத்தேன். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

முபாரக்கின் கார்டு சரியானது. பாய்க்கும் பணம் வந்தது. வந்த அன்று என்னிடம், "இதைக் கேக்காமயே இருந்திருக்கலாம் மனுவேலு. ரஹமத்து அப்பவே வேண்டாம்னா" என்றார். சில வாரத்தில் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டருக்கு உதவியாக வேலையும் கிடைத்துவிட்டது. கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டிய தேவையே வந்திருக்காது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாஸ்மின் தங்கியிருக்கும் இடத்தை நேரில் பார்த்து ரேஷன் விசாரணையை முடித்து வைக்கவென்று ஒருவர் வந்தார். நான் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். பாய் அவருக்கு நாற்காலி கொண்டுவர உள்ளே போனார். வாசலில் நின்ற யாஸ்மினிடம் அந்த ஆள், "பாப்பா, இவரு உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"பெரியத்தாங்க. எங்கப்பாவோட அண்ணன். நான் இங்க தங்கிப் படிக்கறேன்" என்றாள். தடுமாறவில்லை. நாற்காலியோடு வந்த அமீர் பாய் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

வந்தவர் போனில் எதையோ தட்டினார், வீட்டை ஒரு படம் எடுத்தார், போய்விட்டார். ரஹமத் பீவி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். "அவரு போயிட்டாரு கண்ணு. இனி அத்தான்னே கூப்புடு சாமி."

"வேண்டாம் பெரியம்மா" என்றாள் யாஸ்மின். "ஊட்டுல ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு கூப்பிட்டா என்னைக்காச்சும் வாய் தவறி வந்துரும். அப்பறம் அத்தாவுக்குத்தான் கஷ்டம்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பெரியத்தாவுக்கு" என்று திருத்தினாள்.

"ஆமாங் கண்ணு, அதுதான் சரி" என்றார் அமீர் பாய்.