தேசம்மாக்கா அன்று பேசியது

தோணிரேவு தேசம்மாக்கா போய்விட்டார் என்ற செய்தி, நான் திருப்பாலைவனம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. அவர் மகள்தான் பேசினாள். "அம்மா காலைல போயிடுச்சுக்கா. உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றை இனிமேல் ஒப்புக்கொள்ள முடியாது.

உங்களில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் குரல் மறந்திருக்காது. பறி என்னும் ஓலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரியில் முழங்காலளவு நீரில் தவழ்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார். வாயைத் திறந்தால் பறி போய்விடும். கரையேறியதும் ஊருக்கே கேட்கப் பேசுவார். யாராவது கேலி செய்தால், "இவ்ளோ நேரம் வாய் பறிக்கு. இனிமே எனக்கு" என்று சிரிப்பார்.

சில வருஷங்களுக்கு முன், முகத்துவாரத்தில் தூர்வாரும் சேற்றை ஊரை ஒட்டி ஏரிக்குள் இருக்கும் ஆழமில்லாத மேட்டில் கொட்டலாமா என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னை அழைத்திருந்தார்கள். எல்லோரும் தயங்கி நிற்க, தேசம்மாக்கா ஈரச் சேலையோடு முன்னால் வந்தார். பேசினார், மாரில் அடித்துக்கொண்டார், அழுதார். என்ன சொல்கிறார் என்று அதிகாரி என்னிடம் கேட்டார். எனக்கு அந்த அழுகை கூச்சமாக இருந்தது. படித்தவள் என்ற திமிரும்தான். "ஷி இஸ் எமோஷனல், சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நோட்டை மூடினார்.

'எமோஷனல்' என்பதற்கு அகராதியில் உணர்ச்சி மிகுந்தவர் என்று போட்டிருக்கிறது. சினிமாவில் 'எமோஷனல் சீன்' என்றால் பாராட்டு. ஆபீசில் 'எமோஷனல் ஆகாதீங்க' என்றால் வாயை மூடு என்று அர்த்தம். மேலதிகாரி மேசையைக் குத்திக் கத்தினால் அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை. அழுகிறவள் மேல்தான் போடுகிறோம். போட்டபின் அவள் சொன்ன சேதியை யாரும் கேட்பதில்லை.

கூட்டம் கலைந்ததும் தேசம்மாக்கா என்னிடம் வந்தார். "இன்னாவோ எமோசனல்னு சொன்னியே, இன்னா அது?"

"மனசுல இருக்கிறத மறைக்காம சொல்றவங்கனு அர்த்தம்க்கா."

"அப்போ சரியாத்தான் சொல்லிக்கீற" என்று என் கன்னத்தைத் தடவினார். அகராதிப்படி நான் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் நான் சொன்னது பொய்.

மேட்டில் சேறு விழுந்தது. பெண்கள் ஆழத்துக்குப் போனார்கள், தேசம்மாக்காவும் கடைசிவரை போனார். நான் ஒழுங்காக மொழிபெயர்த்திருந்தால் கொட்டாமல் விட்டிருப்பார்களா, தெரியாது. கேட்கவாவது கேட்டிருப்பார்கள்.

சாவு வீட்டில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னாள்: "அம்மா பேசினத அப்படியே இங்கிலீசுல எடுத்துச் சொன்னது இந்த அக்காதான்." நான் வாய் திறக்கவில்லை. அவளும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அன்று நான் விழுங்கிய பேச்சு. ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"சார், அந்த மேட்டுலதான் முட்டித் தண்ணியில எங்களுக்கு இறால் கெடைக்குது. அங்க சேறு கொட்டினா கழுத்துத் தண்ணிக்குப் போணும். குனிஞ்சா தலையே முங்கிடும். பறிய எப்டி கடிக்கிறது, மூச்ச எங்க வுடறது? ஒருநாள் நீ வந்து எங்ககூட நின்னு பாரு சார். அப்புறமா கொட்டு."