மூங்கில் கணுவில் இருந்த தூள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. தொடங்கியது கொழும்பில், முடிந்தது யாழ்ப்பாணத்து நீர்வேலியில், எங்கள் வீட்டுக் கொட்டிலின் பின்பக்கத்தில்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் தூண்டில் தடி செய்கிறவள். கடல் தூண்டில் இல்லை. நூலும் இறகும் கட்டிப் பூச்சி போலவே செய்த பொய் இரையை, ஓடும் தண்ணீரின் மேல் வீசி மீன் பிடிக்கிற ஒரு முறை உண்டு. நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் மீனை அப்படித்தான் பிடிக்கிறார்கள். நோர்வேயில் இருக்கும் என் தம்பிக்கு அதில் பைத்தியம். ஒருமுறை ஊருக்கு வந்தபோது முறிந்துபோன பழைய தடியொன்றைக் கொண்டுவந்து, "அக்கா, இந்த நுணுக்க வேலையெல்லாம் உனக்குத்தான் சரிவரும், ஒருக்காப் பாரன்" என்று கையில் தந்தான். ஒரே தடி என்றுதான் நானும் நினைத்தேன். முறிந்த இடத்தைப் பார்த்தால், மூங்கிலை நீளமாக ஆறாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் முக்கோணமாகச் சீவி, இடைவெளியே தெரியாமல் ஒட்டியிருந்தார்கள். அன்று பிடித்தது எனக்கும் அந்தப் பைத்தியம். அதுவரை தளபாடக் கடைகளுக்கு வரைபடம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் கொட்டிலில் உட்கார்ந்து மூங்கிலைக் கெடுத்துக் கெடுத்துப் பழகினேன்.

சீவப் பழகிவிடலாம், மூங்கில்தான் பிரச்சினை. எங்கள் நாட்டு மூங்கிலில் செய்த தடிகள் வளைந்தால் வளைந்தபடியே நின்றன. இந்த வேலைக்குத் தென்சீனத்தில் ஒரு மலைப்பகுதியில் விளையும் மூங்கில்தான் வேண்டும். சுவர் தடிப்பு, கணுக்களுக்கிடையே நல்ல தூரம். வெட்டுமுகத்தைப் பார்த்தால் தோலை ஒட்டினாற்போல் கரும்புள்ளிகள் நெருக்கமாக நிற்கும். அந்த நார்தான் தடியை வளைத்துவிட்டு மறுபடி நிமிர்த்துகிறது. ஒரு வியாபாரியைத் தேடிப்பிடித்து, மாதிரித் துண்டுகள் வரவழைத்து, தாவரப் பொருள் இறக்குமதி செய்வதற்கான அனுமதி எடுத்து, இன்னொருவரின் கொள்கலனில் ஓரமாக இடம் பிடித்து, இருபது மூங்கில்கள் கொழும்புக்கு வந்து சேர எட்டு மாதம் போயிற்று. மலைநாட்டு விடுதியொன்று நான்கு தடிகள் கேட்டிருந்தது. என் முதல் பெரிய வேலை அது.

வரும் தாவரப் பொருளில் பூச்சி இருக்கிறதா என்று அரசாங்க அதிகாரி பார்க்கிற பரிசோதனை நாளன்று, நான் நேரத்தோடேயே துறைமுகக் களஞ்சியத்துக்குப் போய்விட்டேன். அதிகாரி இன்னும் வந்திருக்கவில்லை. ஆசை தாங்காமல் மூங்கில் கட்டைச் சுற்றியிருந்த சாக்கை விலக்கிப் பார்த்தேன். பன்னிரண்டடி நீளம், வைக்கோல் நிறம், கோடு போட்டது போல நேர். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்த விரல் ஒரு கணுவில் நின்றது. குண்டூசித் தலை அளவில் மூன்று துளைகள். அவற்றின் கீழே அரிதட்டில் அரித்த கோதுமை மா போல மெல்லிய தூள்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். உளு. உள்ளே வண்டு இருக்கிறது என்று அர்த்தம். ஏற்றும்போது மருந்துப் புகை அடித்ததாகச் சான்றிதழ் இருந்தது. ஆனாலும் தூள் இருந்தது.

நான் அந்தத் தூளைப் பெருவிரலால் துடைத்தேன். மூங்கிலைத் திருப்பிக் கட்டின் நடுவில் செருகினேன். ஒரு நிமிடம்கூட எடுத்திருக்காது. செய்யும்போது யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்லமுடியாது.

அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களவர். நிதானமாகத் தமிழ் பேசினார். வெளிப்புற மூங்கில்களை டோர்ச் அடித்துப் பார்த்தார், சிலவற்றைத் தட்டிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க ஏதாவது பாத்தீங்களா? துளை, தூள், ஏதாவது?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா" என்றேன்.

கையெழுத்திட்டுத் தந்தார்.

மூங்கில்கள் லொறியில் நீர்வேலிக்கு வந்தன. கொட்டிலின் உயரத் தட்டில் அடுக்கினேன். அந்தத் தட்டுக்குக் கீழே என்ன இருந்தது என்பதுதான் இந்தக் கதையே.

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த அக்காவின் பலகைகள் அங்கே இருந்தன. அவரது சொந்த ஊர் காங்கேசன்துறைப் பக்கம். போர்க்காலத்தில் இராணுவம் எடுத்ததால் முப்பது வருடத்துக்கு மேல் போகமுடியாமல் கிடந்த காணி விடுபட்டு, பற்றை வெட்டி, அத்திவாரம் போட்டு, ஒரு சிறிய வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கதவுக்கும் யன்னலுக்கும் வாங்கிய பலகைகளை அங்கே மழையில் விடமுடியாது என்று என் கொட்டிலில் வைத்திருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துணியோடு வந்து தூசி தட்டுவார். "இது முன்கதவு, இது சாமியறை யன்னல்" என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டுவார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். "தங்கச்சி, இதென்ன, மா கொட்டுண்ட மாதிரிக் கிடக்கு? நீர் சீவின தூளே?"

போய்ப் பார்த்தேன். அவருடைய பலகைகளின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. "ஓம்" என்பது போலத் தலையாட்டினேன். அவர் துணியால் துடைத்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் அந்த மூங்கிலை இறக்கிப் பிளந்தேன். உள்ளே நூல் நூலாகப் பாதைகள், கறுப்பு வண்டுகள், வெள்ளைப் புழுக்கள். மற்றவற்றையும் பார்த்தேன். எல்லாமாக ஐந்தில் துளை இருந்தது. எரித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்றுதான் முதலில் மனம் சொன்னது. ஆனால் அந்தப் பலகைகளுக்குள் எது போயிருக்கிறதென்று என்னால் சொல்லமுடியாது. அவை யன்னலாகிச் சுவரில் ஏறிய பிறகு தூள் கொட்டத் தொடங்கினால்? முப்பது வருடம் காத்திருந்து கட்டிய வீட்டில்?

மறுநாள் காலை, அனுமதிப் பத்திரத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். அதே அதிகாரிதான் பேசினார். துளையைக் கண்டதையும், துடைத்ததையும், இல்லை என்று சொன்னதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் என் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "எதையும் வெளியே எடுக்க வேண்டாம். எல்லாத்தையும் பொலித்தீனால மூடுங்க. நான் வாறேன்" என்றார்.

அதைவிடக் கஷ்டம் வேலிக்கு அந்தப் பக்கம் போவது. அக்கா முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"எப்பவிருந்து உமக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"கொழும்பிலையே தெரியும் அக்கா."

"அப்ப தெரிஞ்சுகொண்டே என்ரை பலகையளுக்கு மேலை வைச்சனீர்?"

அவர் சத்தம் போடவில்லை. கத்தியை வைத்துவிட்டு எழும்பி உள்ளே போனார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாளில் அதிகாரி, உள்ளூர் உத்தியோகத்தர் இருவரோடு வந்தார். மூங்கில் இருபதையும் எரிக்கவேண்டும் என்றார். துளையில்லாத பதினைந்தையாவது விடமுடியாதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. பிறகு பலகைகளைப் பார்க்கத் தொடங்கினார். அக்காவும் வந்து கொட்டில் வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"வைரம் பாய்ஞ்ச மரத்தை இது தொடாது அம்மா" என்று அதிகாரி அக்காவிடம் விளக்கினார். "வெளிறின ஓரம் உள்ள பலகைதான் பயம்." பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு பலகையாக, நான்கு பக்கமும் பார்த்தார். மதியம் தாண்டிவிட்டது. இரண்டு பலகைகளில் மட்டும் புதிய துளைகள். அவற்றை ஒதுக்கினார். மிச்சத்தை மூடிக் கட்டி மருந்துப் புகை விட்டால் போதும் என்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்ததைக் கண்டேன்.

கொட்டிலின் பின்பக்கத்தில் நெருப்பு மூட்டினோம். மூங்கில் கணுக்கள் ஒவ்வொன்றும் சீனவெடி போல வெடித்தன. கலியாண வீடென்று நினைத்து வாழைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒதுக்கிய பலகை இரண்டையும் நான் தூக்கப் போனேன். அக்கா வந்து மறுமுனையைப் பிடித்தார். இருவருமாகக் கொண்டுபோய் நெருப்பில் வைத்தோம்.

அதிகாரி புறப்படும்போது என்ன தண்டனை என்று கேட்டேன். அவர் கோப்பைத் திறந்து காட்டினார். "நீங்க பொய் சொன்னதையும் எழுதியிருக்கேன், நீங்களாவே கூப்பிட்டுச் சொன்னதையும் எழுதியிருக்கேன். ரெண்டும் நடந்ததுதானே" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கட்டை அவிழ்த்து நடுவில பாக்காதது என்ர பிழை. அதையும் எழுதியிருக்கேன்" என்றார். அந்த வரியை அவர் எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு வருடத்துக்கு எனக்கு இறக்குமதி அனுமதி இல்லை என்று கடிதம் வந்தது. விடுதிக்காரர்களுக்கும் நடந்ததை எழுதினேன். அவர்கள் காத்திருக்கவில்லை; வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

எரிந்த பலகைகளுக்குப் பதிலாக இரண்டு நல்ல பலகைகள் வாங்கி, அதிகாரி சொன்னது போல ஓரமெல்லாம் பார்த்து, அக்காவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் முன்பு போலப் பேச்சு இல்லை. மருந்தடித்து முடிந்ததும் பலகைகளைத் தச்சனிடம் அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் கொட்டில் வெறுமையாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு காலை, வேலிப் படலையைத் திறந்துகொண்டு அவரே வந்தார். "வாற புதன்கிழமை புது வீட்டுக்குக் குடிபூரல். நீரும் வாரும்" என்றார். போனேன். வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தவர், சாமியறை யன்னலடியில் நின்று, "எங்கடை யன்னல் மாதிரி அரசாங்கமே வந்து பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்த யன்னல் இந்தப் பக்கத்திலை ஒருத்தரிட்டையும் இல்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்.

இப்போது மறுபடி மூங்கில் வருகிறது. பரிசோதனைக்கு முன் நானே கட்டை அவிழ்த்து, சந்தேகமானவற்றை முன்னால் எடுத்து வைக்கிறேன். சில தடவை நல்ல மூங்கிலும் அதில் போய்விடுகிறது. மனம் நோகத்தான் செய்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றை மறைத்துவிட்டு, இன்னொருவர் தன் வீட்டுக் கதவைத் தொட்டுக் காட்டிச் சந்தோஷப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று அந்த மூன்று வெள்ளிக்கிழமைகளில் அறிந்துகொண்டேன். அதைவிடப் பெரிய நட்டம் எந்தத் தொழிலிலும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.