தொம் என்று விழுந்த அடி

கிரேன்காரருக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. பதினாறு வருடமாக இருநூறடி உயரத்துக் கண்ணாடிக் கூண்டில்தான் பிழைப்பு. அப்பேர்ப்பட்டவரை நாலு மாதமாக அவருடைய நெஞ்சே மிரட்டிக்கொண்டிருந்தது.

படபடப்பு என்று சொல்ல முடியாது. ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஏதோ தடுக்கும். ஒரு நொடி ஒன்றுமே இருக்காது. பிறகு தொண்டைக்குழி வரை தொம்மென்று ஓர் அடி. இரண்டு டன் கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கும்போது வந்தால், லீவரைப் பிடித்த கை வியர்த்து வழுக்கும். கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்பவர் மனைவியின் அண்ணன். "என்ன மாப்ள, தூங்கிட்டியா?" என்பார். "காத்து மச்சான்" என்று ஒரு பொய். உண்மை தெரிந்தால் கூண்டைவிட்டு இறக்கிவிடுவார்களே! வீட்டிலும் மூச்சுவிடவில்லை. மனுஷனுக்கு இவ்வளவு அழுத்தம் ஆகாது.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து நிமிடத்தில் ஏழு தடவை வந்தது. போதும்டா சாமி என்று லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். முடிவுக்காகக் காத்திருந்த பெஞ்சில் அவர் மனதுக்குள் தன் கருமாதியையே நடத்தி முடித்துவிட்டார்.

"துடிப்பு நிக்கலைங்க" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணு முந்திக்கிட்டு வந்துடுது. அது உங்களுக்குச் சரியாத் தெரியுறதில்ல. அப்புறம் இதயம் கொஞ்சம் தாமதிக்குது. அந்த நேரத்துல ரத்தம் கூடுதலா நிறையுது, அடுத்த அடி பலமா விழுது. நீங்க பயந்தது அந்த நல்ல அடியைப் பாத்துத்தான். உங்க இதயத்துல கோளாறு எதுவும் தெரியல. தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?"

எங்கே குடிக்கிறார்? குடித்தால் இறங்க வேண்டும், இருநூறு படி ஏணி. வாய் நனைக்க நாலு மடக்கு ஸ்ட்ராங் காபி, அவ்வளவுதான். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "காபியைக் குறைச்சுத் தண்ணி குடிங்க, இதுவும் குறையலாம்" என்றார்.

"மேல ஏறலாமா டாக்டர்?"

"ஏறுங்க. தலை சுத்தினா, மயக்கம் வந்தா உடனே வேலையை நிறுத்திட்டு வரணும். கூட வேலை பாக்குறவங்ககிட்டயும் சொல்லிவைங்க."

மறுநாள் காலை, ஏணியடியில், சிரித்துக்கொண்டே மச்சானிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "நாலு மாசமா செத்துடுவேன்னுதான் நெனச்சேன் மச்சான். ஒண்ணுமில்லையாம்!"

மச்சான் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"செத்துடுவேன்னு நெனச்சுக்கிட்டேதான் லோடு தூக்கினியா?"

கிரேன்காரர் ஏணியைப் பிடித்திருந்த கையை எடுத்தார்.

"கீழ நான் நின்னேனே, மாப்ள."