கண்ணளவில் தைத்த கவுன்

கடைவீதியில் அவரை எல்லாரும் கண்ணளவு என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரர். டேப்பைத் தொடமாட்டார். கடைக்குள் நுழைகிறவரை ஏற இறங்க ஒருமுறை பார்ப்பார். அடுத்த நிமிடம் துணியில் கோடு விழுந்திருக்கும். கடவுள் போட்ட பிச்சை, என் கெட்டிக்காரத்தனம் இதில் ஒன்றுமில்லை என்பார். கூட வேலை பார்த்த நண்பர் காஜா எடுப்பவர், அதாவது பட்டன் துளைக்குக் கையால் ஓரம் தைப்பவர். அவருக்கு எதையும் இரண்டு தடவை அளந்து பார்த்தால்தான் நிம்மதி.

"உன்ன நம்பி விட்டா, சட்டை முடியறதுக்குள்ள போடுறவனுக்குத் தலை நரைச்சிடும்டா" என்று கண்ணளவு சீண்டுவார்.

"நரைச்சா என்ன, சட்டை பத்தும்ல" என்று காஜாக்காரர் நூலைப் பல்லால் கடிப்பார்.

ஒருநாள் கடை வாசலில் வாய்த்தகராறு முற்றி, கண்ணளவு ஒருவரைப் பிடித்துத் தள்ளிவிட்டார். விழுந்தவருக்குப் படிக்கட்டில் தலை பட்டது. அவர் எழுந்திருக்கவே இல்லை. கண்ணளவு சிறைக்குப் போனபோது மகள் அவர் மடியில் தூங்குகிற வயது.

முதலில் மாதம் தவறாமல் வந்தார்கள். உள்ளே இரண்டு பேரைத்தான் விடுவார்கள். மனைவியும் மகளும் போக, காஜாக்காரர் வெளியே மதில் ஓரமாக நின்றுகொள்வார். நடுவில் கண்ணாடி, பேசுவதற்கு ரிசீவர், உட்கார்ந்தவர் நெஞ்சு உயரத்துக்குச் சிமெண்டு மேடை. அந்த மேடைக்கு மேலே மகளுடைய முகம் மட்டும் தெரியும். சாப்பிட்டியா, படிக்கிறியா என்பதற்கு மேல் கேட்க அவருக்கும் ஒன்றும் தோன்றாது. போகப் போக மகளுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. அப்பாவைப் பார்க்கப் போகிற நாளில் மட்டும் வரும் வயிற்றுவலி. மனைவி மட்டும் தனியாக வந்தாள்.

"இன்னிக்கும் வலியா?"

"ஆமாங்க" என்றாள் மனைவி, கண்ணாடியில் இருந்த கறையைப் பார்த்துக்கொண்டே.

சிறைக்குள் அவருக்குச் சீருடை தைக்கும் வேலை. மிச்சம் விழுந்த நீலத் துணியில் மகளுக்கு ஒரு கவுன் தைத்துக்கொள்ளலாமா என்று மேற்பார்வையாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தைச்சுக்கப்பா. அளவு வேணுமே?"

"அளவா? என் புள்ளைக்கா?" என்று சிரித்தார். அவர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

சின்ன காலர், இடுப்பில் சுருக்கம். சாமி, அவளை ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு வா, வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டே மிஷினை மிதித்தார். தைத்து முடித்து மனைவியிடம் கொடுத்தனுப்பினார்.

மகள் வந்தாள். அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தான் தைத்த காலரைப் பார்த்ததும் அவசரமாக ரிசீவரை எடுத்தார்.

"எழுந்திரிச்சு காட்டும்மா."

எழுந்தாள். எழுந்துகொண்டே இருப்பதுபோல் இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாவின் தோளுக்கு வந்துவிட்டாள். கவுன் முழுசாகத் தெரிய, ரிசீவர் ஒயர் எட்டுகிற வரை பின்னால் தள்ளி நின்றாள். ரிசீவரைப் பிடித்த கை உயர்ந்தபோது, அக்குளிலிருந்து இடுப்பு வரை நாலு விரல் அகலத்துக்கு வேறு துணி ஓடியது. நீலம்தான். ஆனால் கடையில் வாங்கிய நீலம். கீழ் ஓரத்திலும் அதே துணி ஒரு சாண் இறங்கியிருந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் சாய்வான, நெருக்கமான கைத்தையல். அது யார் கை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடி வழியாக முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, மீதி உடம்பின் அளவை மடியில் தூங்கிய பிள்ளையிடமிருந்து எடுத்து வெட்டியிருக்கிறார்.

"அளவு சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டே ஒட்டுத்துணியைக் கையால் மறைத்தாள்.

"மாமா டேப் வெச்சு அளந்தாரா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு தடவை."

"அவன் அப்படித்தான்" என்றார்.

பிறகு சாப்பிட்டியா என்றார். சாப்பிட்டேன் என்றாள். மணி அடித்தது. மகள் ரிசீவரை வைக்க மறந்து, கையில் பிடித்தபடியே அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, போட்டு ஒரு தடவை காட்டினா போதும்னு சொன்னல்ல? இனிமே நான் வர வேணாம்தானே?"

அதில் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. பல் பிடுங்கிவிட்டு வெளியே வரும் பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள். மனைவி பதறிப்போய் ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"என்னங்க, அவ சின்னப் புள்ள, ஏதோ..."

"அவன்கிட்ட சொல்லு. தையல் நல்லா வந்திருக்குன்னு."

தன் பக்கத்துக் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தார். கறை அந்தப் பக்கம் இருந்தது.

மறுநாள் மேற்பார்வையாளர் ஒரு துண்டு நீலத் துணியோடு வந்தார். "இதுவும் மிச்சம்தான்பா. மகளுக்கு இன்னொண்ணு போடுறியா?"

கண்ணளவு துணியை வாங்கி, சுருக்கம் நீவி, மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அளவு தெரியாதுங்க" என்றார்.