மருதம்மாள் கட்டிய காப்பு

சுங்கைப் பட்டாணி மண்டபத்தில் கூட்டம் கலைந்திருந்தது. வசந்தன், தான் சற்றுமுன் குத்துச்சண்டையில் வீழ்த்திய பெர்னார்டின் அருகே உட்கார்ந்து, அவன் வீங்கிய வாய்க்குள் சிறு கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். பாலிங்கிலிருந்து வந்த பெர்னார்டுக்குத் துணையென்று யாரும் இல்லை. தம்பியைத் தேடி வந்த மருதம்மாள் இதைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் வெளியே போய் நின்றுகொண்டாள்.

தாய் தகப்பன் போனபின், சுங்கை லாலாங் தோட்டத்தில் வசந்தனை வளர்த்தவள் அவள்தான். கூலிம் தொழிற்சாலையில் வேலை, வேலை முடிந்தால் பயிற்சி, இதுதான் அவன் வாழ்க்கை.

அலோர் ஸ்டாரில் நடந்த சண்டையில் ஒரு குத்து அவனைச் சாய்த்தது. எழுந்திருக்க வெகுநேரமாயிற்று. டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, மூன்று மாதம் மேடை ஏறத் தடை போட்டார்.

"தலைக்குள்ள அடி ஆறணும்மா. அதுக்குள்ள இன்னொன்னு விழுந்தா உசுரு நிக்காது."

மருதம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கம்பெனி பஸ்ஸில் கூட்டாளிகள் விடவில்லை. "என்னடா வசந்தா, மேடையில நல்ல தூக்கமா லா? தலகாணி கொண்டுவரட்டா?" அவனும் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்தால் தட்டில் கை வைக்கமாட்டான்.

தடையை மீறி மேடை ஏறிவிடுவானோ என்று அவளுக்குப் பயம் வந்தது. ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் அதிகாரி வந்து கையைப் பார்ப்பார், மோதிரமோ கயிறோ இருந்தால் கழற்றாமல் கையுறை போட விடமாட்டார் என்பதை அவள் கண்டிருக்கிறாள். மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு, தம்பியின் வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டினாள்.

"மூணு மாசத்துக்கு இத அறுக்கக்கூடாது, தம்பி. அம்மனுக்கு நேந்தது."

"சரிக்கா."

சண்டைக்குப் போகாதே என்று அவள் சொல்லவில்லை. காப்பு இருக்கும்போது எப்படிப் போவான் என்று நிம்மதியாக இருந்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை, பெர்னார்டைப் பார்க்கப் பாலிங் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். மறுநாள் காலை பெர்னார்ட் மட்டும் வந்து வாசலில் நின்றான்.

"எல்லைக்கு அந்தப் பக்கம், சயாம்காரங்க திருவிழாவுல தோமோய் சண்டை, அக்கா. காலாலயும் அடிப்பாங்க. வேணாண்டான்னு கெஞ்சினேன். ஒரு தடவ ஜெயிச்சுட்டு வந்தா பஸ்ல எவனும் வாயத் தெறக்கமாட்டான்னான். தடை இருக்கான்னு அங்க யாரும் கேக்கல. டாக்டரும் இல்ல."

"கையில காப்பு இருந்துச்சேப்பா. யாரும் பாக்கலையா?"

"பாத்தாங்கக்கா. சாமிக் கயிறு, இருக்கட்டும்னுட்டாங்க. அங்க எல்லாரும் கட்டியிருப்பாங்க. அதுமேலயே துணியச் சுத்தி..."

பெர்னார்ட் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். வசந்தனின் உடலைக் கொண்டுவந்தபோதும் காப்பு அப்படியே இருந்தது. முடிச்சுகூட அவள் போட்டதுதான்.

அந்தச் சனிக்கிழமை பாலிங் கிளம்ப அவன் மோட்டார் சைக்கிளை முடுக்கியபோது, அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மனது கேட்காமல், "காப்பு இருக்காடா?" என்றாள்.

அவன் சட்டைக் கையை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினான்.

"அறுக்கல பாருக்கா. நீ சொன்னத மீறுவேனா?"